விமானச் சக்கரத்துக்கு ஒரு தேர்க்கட்டை

புதிதாக விமான நிலைய வேலைக்கு வரும் தம்பிகள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது, நான் பார்த்ததிலேயே மோசமான விபத்து எது என்பதுதான். அதை இங்கே சொல்லப் போவதில்லை. பெரிய விபத்துகளின் கதையைக் கேட்டால் பயம் மிஞ்சுமே தவிர, புத்தி மிஞ்சுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. நான் சொல்ல விரும்புவது ஒருவரும் சாகாத ஒரு சின்ன விபத்தைப் பற்றி. விமானத்தின் மூக்கிலிருந்த மர விசிறியும் ஒரு கீழ் இறக்கையின் நுனியும் உடைந்தன, அவ்வளவுதான். ஆனால் அதற்காக ஒரு மனிதர் வருஷக்கணக்கில் சிறையில் கிடந்திருப்பார். கிடக்காமல் போனதற்கு இன்னொரு மனிதர் காரணம். அந்த இருவரிடமும் எனக்குத் தீராத நன்றி உண்டு. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

முதலில் வருஷத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் இதை 1942 என்று சாதிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1942 ஆடியில் அந்த இடத்தில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நிலத்தைக் கையகப்படுத்தி, மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி முடித்தது அதற்கு அடுத்த தை மாதம். ஆகவே நடந்தது 1943 ஆடியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்துக்குக் கொடி ஏறுவதற்குச் சற்று முன்னால். ஆங்கிலத் தேதி எனக்கு நிச்சயமாக நினைவில்லை. நிச்சயமில்லாததை எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

யுத்த காலத்தில் தெற்கே பல ஊர்களில், வழியில் கோளாறு ஏற்பட்ட விமானங்கள் இறங்குவதற்காக அவசர மைதானங்கள் அமைத்தார்கள். எங்களுடையது ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, வன்னியம்பட்டிப் பக்கம் இருந்தது. மேற்கே உழுது போட்ட புன்செய், அதற்கப்பால் மலை. கிழக்கே ஒரு கண்மாய்க்கரை. இரண்டுக்கும் நடுவே வடக்கு தெற்காக நீண்டு கிடந்த மண் பாதைதான் மைதானம். அதை அளந்து கொடுத்த என்ஜினீயர் வந்தது மார்கழியில். அந்த மாதத்தில் எங்கள் ஊர்க் காற்று வடக்கிலிருந்து மெதுவாக வரும். விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்க வேண்டும் என்பதால், அவர் பார்த்த காற்றுக்குப் பொருத்தமாகப் பாதையை வைத்துவிட்டுப் போனார். ஆடியில் மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்றை அவர் பார்த்ததில்லை. அது பாதையின் குறுக்கே, பக்கவாட்டில் வந்து அறையும்.

அந்த மைதானத்துக்கு நான்தான் பொறுப்பாளன். ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளி வாத்தியாரின் மகன். இன்டர்மீடியட் முடித்து, ஆங்கிலம் எழுதத் தெரியும் என்ற ஒரே தகுதியில் வேலைக்கு எடுக்கப்பட்டவன். காற்றின் திசை காட்டும் காற்றுப் பையைப் பார்ப்பது, பாதையில் மாடு ஏறாமல் பார்ப்பது, இறங்கக் கூடாத நேரத்தில் பெருக்கல் குறி போல வெள்ளைத் துணியை விரித்து வைப்பது ஆகியவை என் வேலைகள்.

ஆடி பிறந்ததும் முதல் விமானம் மாட்டியது. இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். காற்று அதை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே ஓட்டி வந்தவர் தரையில் வைத்துவிட்டார். சக்கரத்தின் கால் ஒன்று மடங்கி, பாதையின் நடுவே வாத்து உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்தது. அவர் காயமில்லாமல் இறங்கி வந்து, எதிர்பாராத காற்றால் விபத்து என்று எழுதிக் கொடுத்தார். ஆடி மாதத்தில் எங்கள் பக்கத்துக் காற்றை எதிர்பாராதது என்று சொன்னவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு, விமானம் நின்றதும் ஓடிப் போய் இறக்கையைப் பிடித்துக்கொள்ளவும், உருளாமல் சக்கரத்துக்குக் கட்டை வைக்கவும் ஆட்கள் வேண்டும் என்று கேட்டேன். லேசான விமானம் நின்ற பிறகும் பலத்த காற்று அதைத் தூக்கிப் புரட்டிவிடும். ஆட்களைக் கொடுக்கும் கண்டிராக்டர் ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுபவர். கோபம் வந்தால் எங்களையும் தெலுங்கில்தான் திட்டுவார். அவர் அனுப்பி வைத்தவர்கள் நாலு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்குக் கட்டை போடுகிறவர்கள்.

“கட்டைக்கு ஆள் கேட்டீங்க. இவனுகளைவிடக் கட்டை தெரிஞ்ச ஆளு ஜில்லாவுலயே கெடையாது” என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. தேரைத் திருப்பத் தனியாக ஒரு கருவி கிடையாது. வடம் இழுப்பது ஆயிரம் பேர். தேரின் முகத்தைத் திருப்புவது இவர்கள். ஓடும் சக்கரத்துக்கு ஓரமாகவே ஓடி, புளியமரக் கட்டையை ஒரு பக்கச் சக்கரத்தின் அடியில் கொடுப்பார்கள். அந்தச் சக்கரம் தயங்கும், மறுபக்கச் சக்கரம் சுற்றும், தேர் திரும்பும். யாரும் சொல்லும்வரை காத்திருக்க முடியாது. ஒரு கணம் தவறினால் தேர் யார் வீட்டுச் சுவரிலாவது ஏறிவிடும்.

அவர்களில் மூத்தவர் சங்கிலி. நாற்பது வயதிருக்கும். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் பழைய தழும்புகள். சொந்தக் கட்டையையே கொண்டுவந்திருந்தார். விமானம் நின்ற பிறகுதான் கட்டை வைக்க வேண்டும் என்று நான் விளக்கியபோது, அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

“நின்ன பொறவு கட்டை எதுக்கு சார்? ஓடும்போது போடத்தான கட்டை.”

“இது தேர் இல்ல, அண்ணாச்சி.”

“சக்கரம் இருக்குல்லா” என்றார். மற்ற மூவரும் சிரித்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி சார், நின்ன பொறவே வைக்கோம். நீங்க வெசனப்படாதீய” என்றார்.

மேலும் கீழுமாக இரட்டை இறக்கை கொண்ட இரண்டாவது விமானம் வந்தது யுத்த நிதிக் கூட்டத்துக்காக. ஒரு விமானத்தை இறக்கிக் காட்டினால் சனங்கள் தாராளமாக நிதி கொடுப்பார்கள் என்று தாசில்தார் ஏற்பாடு செய்திருந்தார். வத்திராயிருப்பிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மைதானத்துக்குள் யாரையும் விடக் கூடாது என்று நான் சொன்னதால், கூட்டம் முழுவதும் கண்மாய்க்கரையில் ஏறி நின்றது. மேடாக இருந்ததால் அங்கிருந்து நன்றாகத் தெரியும். பெண்கள், குழந்தைகள், முறுக்கு விற்பவர் எல்லாரும் அந்தக் கரையில்தான் இருந்தார்கள்.

அன்று காலையிலேயே காற்றுப் பை விறைத்து நின்றது. நான் துணியை விரித்து, பறக்காமல் நாலு பக்கமும் கல்லை வைத்தேன். தாசில்தார் வேகமாக நடந்து வந்தார்.

“என்னவே இது, விமானம் வாற நேரத்துல கோடித்துணிய விரிச்சு வச்சிருக்கீரு?”

“இறங்க வேண்டாம்னு அடையாளம் சார்.”

“இம்புட்டுச் சனத்தையும் கூட்டியாந்துட்டு இறங்க வேண்டாமா? எடும் அத.”

“எடுக்கக் கூடாது சார். காத்து குறையணும்.”

“உம்ம பேரு என்ன?” என்று கேட்டார். சொன்னேன். மனத்தில் குறித்துக்கொண்டதைப் போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். துணி கிடந்த இடத்திலேயே கிடந்தது.

விமானத்தை ஓட்டி வந்தவர் சென்னைப் பட்டணத்துக்காரர். பலருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். தாம் உயிரோடு இருக்கும்வரை இதை எழுத வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். இப்போது அவர் இல்லை. பெயரை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

அவர் மைதானத்தைச் சுற்றி வந்தார். தாழ்ந்து வந்து பார்த்தார். பக்கவாட்டில் தள்ளப்படுவது தெரிந்ததும் இறங்காமல் மேலே போய்விட்டார். அதுதான் சரியான முடிவு. அப்படியே மதுரைப் பக்கம் போயிருக்கலாம், எண்ணெய் இருந்தது. ஆனால் கரையில் நின்ற கூட்டம் அதை வித்தை என்று நினைத்துக் கைதட்டியது. துண்டுகளை வீசிக் கூப்பிட்டது. அவர் திரும்பி வந்தார்.

தம்பிகளே, காற்றின் வேகத்தை அளக்க இப்போது கருவிகள் வைத்திருக்கிறீர்கள். கீழே காத்திருக்கும் ஆட்கள் விமானியை எவ்வளவு தள்ளுகிறார்கள் என்பதை அளக்கும் கருவியை நான் இதுவரை பார்க்கவில்லை. உலகத்து விபத்து அறிக்கைகளைக் கிடைத்தவரை வாங்கிப் படித்திருக்கிறேன். மாலை போடக் காத்திருந்த கூட்டமோ, கல்யாணத்துக்குப் போய்ச் சேர வேண்டிய அவசரமோ எத்தனையோ அறிக்கைகளின் ஓரத்தில் இருக்கிறது. யாரும் அதைக் காரணம் என்று எழுதுவதில்லை.

இரண்டாம் முறை அவர் வடக்கு பார்த்து, காற்று வரும் மேற்குப் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு அழகாகத்தான் வந்தார். சக்கரங்கள் தரையைத் தொட்டன. கரையில் ஆரவாரம் கேட்டது. சக்கரம் தொட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பக்கக் காற்றில் வேலை அப்போதுதான் ஆரம்பம். வேகம் குறையக் குறைய வால் சுக்கான் பிடி இழக்கிறது. விமானம் ஓட்டியின் பேச்சைக் கேட்பதை நிறுத்திக் காற்றின் பேச்சைக் கேட்கத் தொடங்குகிறது. மலையிலிருந்து ஒரு பலத்த வீச்சு வந்தது. இடது இறக்கை எழும்பியது. விமானம் பாதையை விட்டுக் கிழக்கே, கண்மாய்க்கரையை நோக்கிச் சறுக்க ஆரம்பித்தது. கரையில் நின்றவர்கள் அது தங்களைப் பார்க்கத்தான் வருகிறது என்று கையசைத்தார்கள்.

நான் கத்தினேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை. என் பக்கத்திலிருந்து சங்கிலி ஓடினார். பின்பக்கமாக வந்து, இறக்கைக்கு அடியில் குனிந்து, ஓரமாகவே ஓடி, இடது சக்கரத்தின் முன்னால் கட்டையைக் கொடுத்தார். தேராக இருந்தால் அது அழகாக மேற்கே திரும்பியிருக்கும். விமானமும் திரும்பத்தான் செய்தது. ஆனால் சுழன்று திரும்பியது. வலது கீழ் இறக்கை தரையில் உரசி முறிந்தது, வால் மேலே எழுந்தது, மூக்கு மண்ணில் குத்தியது. விசிறி சிதறியது. அப்படியே தலைகீழாக நின்றது.

பெட்ரோல் வாடை அடித்தது. கரையில் நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். முதலில் விமானத்திடம் போனவரும் சங்கிலிதான். வாரை அவிழ்த்து, விமானியை இடுப்பில் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார். விமானிக்கு நெற்றியில் ரத்தம்.

“நீதான் கட்டை போட்டியா?”

“ஆமா சாமி.”

“சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

முந்தின ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் தொடங்கியதிலிருந்து தண்டவாளம் பெயர்த்தது, தந்திக் கம்பி அறுத்தது என்று ஊருக்கு ஊர் வழக்குகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. சர்க்கார் விமானத்தின் சக்கரத்தில் ஒருவர் மரக்கட்டையை எறிந்து கவிழ்த்ததை ஊரே பார்த்திருக்கிறது. சப் இன்ஸ்பெக்டருக்கு வேறு என்ன வேண்டும்? விமானியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுச் சங்கிலியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் பின்னாலேயே ஸ்டேஷனுக்குப் போனேன்.

“நீ எந்தக் கூட்டத்துல சேந்தவன்டா?” என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“தேருக்குக் கட்டை போடுத கூட்டம், எசமான்.”

“அதுக்குத் தலைவர் யாரு?”

“ஆண்டாள் தாயார்தான்.”

அறை விழுந்தது. நாசவேலை என்று எழுதப்போவதாக ரைட்டர் என்னிடம் சொன்னார். வெளியே சங்கிலியின் மனைவி பேச்சியம்மா வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை.

“ஏன் சார், தேரு சாயப் போறப்பக் கட்டை போட்டா இவுகளுக்குத் தலையில பரிவட்டம் கெட்டுதாவ. ஏரோப்பிளேன் சாயப் போறப்பப் போட்டா கையில வெலங்கு மாட்டுதாவ. நீங்க படிச்சவுக. எனக்குச் செத்த வெளங்கச் சொல்லுங்க.”

துணி விரித்திருந்ததையும், கூட்டம் கரையில் நின்றதையும், விமானம் முன்பே பாதையை விட்டு விலகியதையும் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனால் தாசில்தார், விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது, ஒரு கூலியாள் கட்டையை எறிந்து கவிழ்த்தான் என்று எழுதியிருந்தார். கரையில் நின்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

விசாரணை ஸ்ரீவில்லிபுத்தூர் டிராவலர்ஸ் பங்களாவில் நடந்தது. விசாரித்தவர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. சங்கிலியின் பேச்சை ஆங்கிலத்தில் சொல்ல என்னை நிறுத்தியிருந்தார்கள்.

“ஏன் கட்டையை எறிந்தாய்?”

“எறியல எசமான், குடுத்தேன். வண்டி கரைக்கு ஏறப் போச்சு. கரையில சனம் நின்னுச்சு. எடது சக்கரத்துல குடுத்தா முகம் இங்கிட்டுத் திரும்பும். எனக்கு அம்புட்டுத்தான் தெரியும்.”

“யார் சொல்லிச் செய்தாய்?”

“யாரும் சொல்லல. சொல்லிக் கேட்டுச் செய்ய அங்கன நேரம் ஏது?”

அந்தப் பதிலை நான் மொழிபெயர்த்தபோது, யாரோ முன்பே சொல்லி வைத்ததை அவர் மறைக்கிறார் என்பதுபோல அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். பிறகு விமானியிடம் திரும்பினார். நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்த அவருக்கு அதிகாரி தப்பிக்கும் வழியைத் திறந்தே வைத்துக் கேட்டார்.

“சக்கரங்கள் தரையைத் தொட்டுவிட்டன. விமானம் ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்படித்தானே?”

‘ஆம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவருடைய நற்பெயருக்கு ஒரு குறையும் வராது. பொய் சொன்னார் என்று யாரும் நிரூபிக்கவும் முடியாது. சங்கிலிக்கு அந்த ஒரு சொல் எத்தனை வருஷம் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் ஆங்கிலம் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். சங்கிலி மட்டும் ஜன்னல் வழியாக வெளியே மரம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லை” என்றார் விமானி.

“கட்டை போடாமல் இருந்தால் விமானம் மூக்குக் குத்தியிருக்குமா?”

“குத்தியிருக்காது.”

அவர் தொடர்ந்தார். “ஓடும் விமானத்துக்குக் கட்டை போட்டது தவறு. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் விபத்து அங்கே தொடங்கவில்லை. இறங்க வேண்டாம் என்று கீழே துணி விரித்திருந்தது. பார்த்தேன். முதல் தடவை முடியவில்லை என்று தெரிந்துகொண்டேன். போய்விட வேண்டியவன் திரும்பி வந்தேன், கூட்டம் கைதட்டியதால். தரையைத் தொட்ட பிறகு விமானம் என் கையில் இல்லை. அது கரையில் நின்றவர்கள் மேல் ஏறியிருக்குமா, ஏறாமல் நின்றிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். அதை நிறுத்த அந்த நேரத்தில் எதையாவது செய்தவர் இவர் ஒருவர். நான் எதுவும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.”

“இதை எழுத்தில் தருவீர்களா?”

“தருகிறேன்.”

அன்று சாயங்காலம் சங்கிலியை விட்டுவிட்டார்கள். விமானிக்கு அந்த யுத்தம் முடியும்வரை பறக்கும் அனுமதி திரும்பக் கிடைக்கவில்லை. பட்டணத்தில் ஒரு வகுப்பறையில் கரும்பலகைக்கு முன் நின்று பையன்களுக்குப் பாடம் நடத்தினார். பின்னாளில் நானே எத்தனையோ விபத்துகளை விசாரித்திருக்கிறேன். சேதம் எங்கே தொடங்கியது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். தவறு எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க, அந்த இடத்தைத் தெரிந்த ஒரே ஆள் தானாக வாயைத் திறக்க வேண்டும். அவரைத் திறக்க வைக்கும் வித்தை எனக்கு எப்போதும் பிடிபட்டதில்லை. நான் செய்ததெல்லாம், உண்மையைச் சொல்ல வந்தவருக்கு அதைச் சொல்லி முடிக்க நேரம் கொடுத்ததுதான். அதையாவது செய்யத் தெரிந்தது அந்த அறையில் நின்றதால்.

விமானி ஊருக்குத் திரும்பிய அன்று வழியனுப்ப ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேன். சங்கிலியும் வந்திருந்தார். விமானியின் பறக்கும் அனுமதி போனதைப் பற்றி அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

“சாமி, ஓட்டக் கூடாதுன்னுட்டாங்களாமே. என்னாலயா?”

“இல்லை. என்னால்தான்.”

“கண்டிராக்டர் திரும்பவும் அந்த வேலைக்கே போகச் சொல்லுதாரு. அடுத்தாப்புல ஒருத்தர் வந்து இப்பிடிச் சாஞ்சா, எந்தச் சக்கரத்துல குடுக்கணும்?”

“எந்தச் சக்கரத்திலயும் குடுக்காதே. ஓடும்போது கிட்டயே போகாதே. நிக்கப் போற சமயத்துல போய் இறக்கையைப் பிடி.”

“எந்த எறக்கை?”

“காத்து வர பக்கத்து இறக்கை. அதுதான் எழும்பும். நுனியைப் பிடிச்சுத் தொங்கு.”

சொன்னது விளங்கியதா என்று விமானிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பிளாட்பாரத்தின் நடுவில் வடக்கே பார்த்து நின்று இரண்டு கைகளையும் இறக்கைபோல விரித்தார். கோட்டு காற்றில் படபடத்தது. டிக்கெட் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சங்கிலி மேற்கே ஒரு தடவை முகத்தைக் காட்டிக் காற்றைப் பார்த்துவிட்டு, விமானியின் இடது மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக் கீழே அழுத்தினார்.

“இம்புட்டுப் போதுமா சாமி?”

“இன்னும்.”

“இப்ப?”

“சரி. இன்ஜின் நின்னாலும் விடாதே. காத்துக்கு இன்ஜின் நின்னது தெரியாது. நான் இறங்கி, விடுன்னு சொன்னப்புறம்தான் விடணும்.”

ரயில் வந்து நின்றது. சனங்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். நான் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தேன். கார்டு விசில் ஊதினார். சங்கிலி இன்னும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“விடு” என்றார் விமானி. அப்புறம்தான் விட்டார்.